லீவ் கேட்ட கதை

எனக்குக் கோவம் வந்தா அடக்கத் தெரியாது. மன்னார்குடி கோர்ட்டுல இருபத்தெட்டு வருஷமா இது ஊரறிஞ்ச விஷயம். வக்கீல் வானதி வர்றாங்கன்னா டவாலிகூட வெத்தலைய துப்பிட்டு நேரா நிப்பார். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு செவப்புப் பொத்தான் சந்தி சிரிக்க வச்சுடுச்சு. அத நானே சொல்லிடறேன். மத்தவங்க சொன்னா கண்ணு காது மூக்கு எல்லாம் வச்சுச் சொல்லுவாங்க.

இந்த ஆன்லைன் சமாச்சாரத்த நாலு வருஷமா நான் கிட்டயே சேர்க்கல. வக்கீல் சங்கத்துல டிரெய்னிங் நடத்துனாங்க. போனேன். வெளியூர்லேருந்து வந்த ஒருத்தர் சுவத்துல படம் காட்டி, "இது டேஷ்போர்டு, இது டிராப்டவுன், இங்கதான் அப்லோடு"ன்னு ஒரு மணி நேரம் ஓட்டினார். நான் பொறுப்பா நோட்டுல எழுதிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து படிச்சா, "நீலத்தை அமுக்கினால் பச்சை வரும். பச்சை வந்தால் காத்திருக்கவும்"னு என் கையெழுத்துல இருக்கு. எது நீலம், எதுக்குக் காத்திருக்கணும், எங்க ஊர் கோயில் ராஜகோபாலசாமிக்குத்தான் வெளிச்சம். நோட்ட மூடி வச்சேன். மனு ஏத்தற வேலைய என் குமாஸ்தா புகழேந்தி தலையில கட்டினேன். அறுபது வயசு மனுஷன், அவருக்கும் தெரியாது, கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து ஏத்திடுவார். வாதம் பண்ண நான் நேர்ல போயிடுவேன். வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இந்தப் பொங்கலுக்கு மொத நாள் வாசல்ல கோலம் போடப் போய், ஈரத்துல வழுக்கி விழுந்து, வலது கால்ல முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊனக் கூடாதுன்னுட்டார் டாக்டர். அதுக்கு நடுவுல ராஜாத்தி கேஸு வாய்தா.

ராஜாத்திக்கு கூத்தாநல்லூர் போற ரோட்டுல மூணு ஏக்கர் குத்தகை நிலம், எங்க ஊர் கணக்குல ஒன்பது மா. பதினஞ்சு வருஷமா அவதான் சாகுபடி. நிலம் வெங்கடகிருஷ்ணனோடது, அவர் சென்னையில இருக்கார். போன ஆடியில அவரே வாட்ஸப்புல குரல் அனுப்பியிருக்கார்: "இந்த சம்பாவும் நீங்களே பண்ணிக்குங்கோ ராஜாத்தி." அவளும் நாத்து விட்டு, நட்டு, களை எடுத்து, கதிரும் வந்தாச்சு. கார்த்திகையில மனைக்கட்டு போடற ஒரு ஆள் வந்து விலை பேசினதும் அவருக்கு எல்லாம் மறந்து போச்சு. நிலம் தரிசாக் கெடக்குது, அங்க யாரும் சாகுபடியே பண்ணலன்னு சாதிச்சார். நான் ஓடிப்போய் இடைக்காலத் தடை வாங்கினேன். அந்தத் தடை இந்த வாய்தா வரைக்கும்தான். அன்னிக்கு நீட்டிச்சு வாங்கலன்னா, மறு நிமிஷம் பொக்லைன இறக்கி ஒன்பது மாவையும் மட்டம் தட்டிடுவாங்க. அறுப்புக்கு இன்னும் பத்தே நாள்.

"நானே ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு வர்றேன்"னேன். புகழேந்தி கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் மேடம். வீடியோவுல ஆஜராகலாம், மனுப் போட்டு அனுமதி வாங்கிட்டேன். லிங்க் வரும். அதத் தொட்டா கோர்ட்டு வீட்டுக்கே வந்துடும்."

லிங்க் வந்துச்சு, நீளமா, கோட்டுச் சித்திரம் மாதிரி. தொடப் பயமா இருந்துச்சு. வெக்கத்த விட்டுட்டு அத ராஜாத்திக்கே அனுப்பி, "இத எப்படித் தொறக்குறது?"ன்னு கேட்டேன். அவ புருஷன் பிரபு குவைத்துல இருக்கான், தெனம் ரெண்டு வேளை வீடியோவுல வருவான். இதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. முன்னாடி நாள் மத்தியானமே பஸ் ஏறி வந்துட்டா.

"இதுக்குப் போயா பயப்படுறீங்க வக்கீலம்மா? எங்க வீட்டுக்காரருக்கு வயலக் காட்டாம நான் உரமே போட முடியாது. வரப்பு வரப்பா போன தூக்கிக்கிட்டு நடந்தவ நான்."

என் பொண்ணு கலைமகள் பெங்களூருக்குப் போறப்ப விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்ப எடுத்து வச்சேன். ராஜாத்தி அவ போன்ல காட்டிக் காட்டிச் சொன்னா. "மைக் படத்துக்குக் குறுக்க கோடு இருந்தா நீங்க பேசறது அங்க கேக்காது. கேமராவுக்குக் குறுக்க கோடு இருந்தா மூஞ்சி தெரியாது. செவப்பா போன் படம் ஒண்ணு இருக்கும். அத மட்டும் தொட்டுடாதீங்கம்மா, கட்டாயிடும்."

நோட்டுல எழுதினேன்: "செவப்பு போன் படம். தொடாதே." அடியில ரெண்டு கோடு போட்டேன்.

கிளம்பறப்ப வாசப்படியில நின்னு, "நாளைக்கு நான் வயல்லயே இருக்கேன்மா. போன்ல பாத்துக்கிட்டு இருக்கலாம்ல?"ன்னா. "பாரு, ஆனா வாயத் தொறக்காத. அது கோர்ட்டு, உன் வீட்டுக்காரர் இல்ல"ன்னு ஒரு அதட்டு அதட்டி அனுப்பினேன். இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது.

மறுநாள் பத்தரைக்கெல்லாம் மேல கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை, கீழ நைட்டியோட மேஜை முன்னாடி உக்காந்துட்டேன். மாவுக்கட்டுக் காலை ஸ்டூல் மேல தூக்கி வச்சாச்சு. லிங்கத் தொட்டேன். "காத்திருக்கவும்"னு வந்துச்சு. காத்திருந்தேன். பத்து நிமிஷம், கால் மணி. அங்க கோர்ட்டு ஹால்ல பெஞ்ச் கிளார்க், "கலை குட்டின்னு யாரோ கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்க. கொழந்த எதுவோ தெரியாம அமுக்குது போல"ன்னு சொல்லியிருக்கார். லேப்டாப்புல என் பொண்ணு வச்சிருந்த பேரு அதுதான், எனக்கென்ன தெரியும்? புகழேந்தி ஓடிப்போய், "சார், அது எங்க வானதி மேடம்தான்"னு சொன்ன பிறகுதான் உள்ள விட்டாங்க.

உள்ள போனா ஒரே கட்டம் கட்டமா மூஞ்சி. ஒருத்தர் பேர் இருக்குற எடத்துல ஏதோ போன் கம்பெனிப் பேரு, இன்னொருத்தர் நெத்தி மட்டும் தெரியுது, எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடிக்குது. நடுவுல ஜட்ஜ் ஐயா வந்து உக்காந்தார். ஜட்ஜ் வந்தா எந்திரிக்கணும்ல? இருபத்தெட்டு வருஷப் பழக்கம், மேஜையப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல எந்திரிச்சுட்டேன். என் மூஞ்சி இருந்த கட்டத்துல இப்ப பூப்போட்ட நைட்டி.

"உக்காருங்க மேடம், உக்காருங்க"ன்னார் ஜட்ஜ் அவசரமா. யாரோ களுக்குன்னு சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. மானம் போச்சு. இன்னும் கேஸே ஆரம்பிக்கல.

பதினொண்ணரைக்கு எங்க நம்பரக் கூப்பிட்டாங்க. எதிர்த்தரப்புக்கு மதிவாணன், என்னைவிட பத்து வயசு சின்னவர், நல்ல வக்கீல். அவர் ஹால்ல நேர்ல நின்னு, "தரிசு நிலம் யுவர் ஆனர். சாகுபடிக்கு ஒரு ஆதாரமும் இல்ல. தடைய விலக்கணும்"னார்.

"ஆதாரம் இருக்கு யுவர் ஆனர்! அவர் கட்சிக்காரரே பேசின குரல் பதிவு இருக்கு. அத ஆவணமாத் தாக்கல் பண்றேன்"னேன். மைக்ல கோடு இல்ல, பாத்துக்கிட்டுதான் பேசினேன்.

மதிவாணன் சும்மா இருப்பாரா? "பிராதோட தாக்கல் பண்ணாத ஆவணம். கோர்ட்டோட லீவ் இல்லாம இப்ப கொண்டுவர முடியாது." அவர் சொன்னது சட்டப்படி சரி. கோர்ட்டு பாஷையில லீவ்னா அனுமதி. ஒவ்வொரு மனுவுலயும் நாங்க எழுதற வார்த்தை.

ஜட்ஜ் என்னைப் பாத்தார். "லீவ் கேட்டிருக்கீங்களா மேடம்?"

"இப்பவே கேக்கறேன் யுவர் ஆனர்"னு சொல்லிட்டு, மனுவ எடுக்கக் குனிஞ்சவ ஸ்கிரீனப் பாத்தேன். மூலையில செவப்பு எழுத்துல அந்த வார்த்தையே இருக்கு: லீவ்.

அடடா, கோர்ட்டுக்குன்னே யோசிச்சுச் செஞ்சிருக்காங்களேன்னு சந்தோஷமாப் போச்சு எனக்கு. கை தூக்க ஒரு பொத்தான் இருக்கு, வாய மூட ஒண்ணு இருக்கு, லீவ் கேக்க ஒண்ணு வச்சிருக்க மாட்டாங்களா? ராஜாத்தி தொடாதன்னு சொன்னது செவப்பு போன் படம். இதுல படமே இல்லையே, வார்த்தைதானே இருக்கு? அமுக்கினேன். லீவான்னு மறுபடி கேட்டுச்சு. கோர்ட்டுல எதையும் ரெண்டு தடவை கேக்கறதுதானே வழக்கம். ஆமான்னு இன்னொரு தடவை அழுத்தமா அமுக்கினேன்.

ஜட்ஜக் காணோம். மதிவாணனக் காணோம். எல்லாக் கட்டமும் மறைஞ்சு வெள்ளையா ஒரு ஸ்கிரீன்.

லீவ் குடுத்துட்டு ஜட்ஜ் சேம்பருக்குள்ள போயிட்டாரோன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தா அங்க ரெண்டு பொத்தான் நிக்குது. ஒண்ணுல ரீஜாயின்னு இருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரிஜாயிண்டர்னா நாங்க எதிர்த்தரப்புக்குப் போடற மறுமொழி. என்னது, இப்பவே மறுமொழி போடச் சொல்றாங்களா? அவர் இன்னும் பதிலுரையே தாக்கல் பண்ணலையே, எதுக்கு மறுமொழி? இன்னொரு பொத்தான் வீட்டுக்குத் திரும்புன்னு சொல்லுது. நான் வீட்டுலதானய்யா இருக்கேன்!

அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ அப்படியே முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் உச்சியில பொடிசா எழுதியிருந்தது கண்ணுல பட்டுச்சு: நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்ங்கிற அர்த்தத்துல ஒரு வரி. லீவ் கேக்கல நான். கோர்ட்ட விட்டு எந்திரிச்சு வந்திருக்கேன். ஜட்ஜ் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்குறப்ப, கட்சிக்காரிய நடுத்தெருவுல விட்டுட்டு.

ரீஜாயின அமுக்கினேன். காத்திருக்கவும். புகழேந்திக்குப் போன் போட்டேன், அணைச்சு வச்சிருந்தார், ஹாலுக்குள்ள அதானே சட்டம். மறுபடி மறுபடி ரீஜாயினயே அமுக்கினேன். "தொறங்கய்யா! வானதி வந்திருக்கேன், தொறங்க!"ன்னு லேப்டாப்பப் பாத்துக் கத்தறேன். பக்கத்து வீட்டு ஷம்சாத் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "என்னக்கா ஆச்சு, யாரு வந்திருக்கா?"ன்னு கேக்குது. நான் எந்தப் பக்கம் தொறக்கச் சொல்றேன்னு அவளுக்கு என்னத்தச் சொல்றது? அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. என் கேஸு தோத்தா பரவாயில்ல, நாலு திட்டுத் திட்டிட்டு அடுத்த கேஸப் பாப்பேன். இது அந்தப் பொம்பளையோட ஒரு வருஷச் சோறு.

அந்த நேரத்துல ஹால்ல நடந்தத புகழேந்தி பிறகு சொன்னார். நான் மறைஞ்சதும் கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சாராம். குமாஸ்தா ஹால்ல வாயத் தொறக்கக் கூடாது, அதனால கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னிருக்கார். மதிவாணன், "மனுதாரர் தரப்பு இல்ல யுவர் ஆனர், தடைய விலக்கி உத்தரவு போடணும்"னு கேட்டுட்டார். அவர் வேலை அது, குத்தம் சொல்ல முடியாது. டவாலி ராஜாத்தி பேரச் சொல்லி வாசல்ல நின்னு கூப்பிட்டார். ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணாவது தடவைக்கு ஸ்கிரீன்லேருந்து சத்தம் வந்துச்சாம்.

"ஐயா, இருக்கேன் ஐயா."

எல்லாரும் நிமிர்ந்து பாத்திருக்காங்க. ஒரு கட்டம் பெரிசாகி, தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஒரு பொம்பள நிக்குது.

"யாரும்மா நீங்க?"ன்னு ஜட்ஜ் கேட்டிருக்கார்.

"நான்தாங்கய்யா ராஜாத்தி. எங்க வக்கீலம்மா எங்கயும் ஓடிப் போகல. நீங்க லீவ் கேட்டீங்களான்னு கேட்டீங்க, இதுல லீவுன்னு எழுதியிருக்கவும் அத அமுக்கிட்டாங்க. அவங்களுக்கு இது புதுசு. இப்ப கலை குட்டிங்கிற பேர்ல வெளியில நிப்பாங்க, உள்ள விடச் சொல்லுங்கய்யா."

ஜட்ஜ் வாய கையால மறைச்சுக்கிட்டாராம். கிளார்க் ஸ்கிரீனத் தேடிப் பாத்தா, கலை குட்டி பதினோரு தடவை தட்டியிருக்கு.

நான் உள்ள வந்தப்ப ராஜாத்தி பேசிக்கிட்டு இருந்தா. மதிவாணன், "தரிசு நிலத்துல நின்னுக்கிட்டு யார் வேணும்னாலும் பேசலாம் யுவர் ஆனர்"னு சொல்லவும், ஜட்ஜ், "எங்கம்மா நிக்கிறீங்க?"ன்னார்.

"எங்க வயல்லதான் ஐயா. பாருங்க." போன ஒரு திருப்புத் திருப்பினா. குவைத்துக்குத் தெனமும் காட்டற கை, கொஞ்சம்கூட ஆடல. ஒன்பது மாவும் பழுத்து, கதிர் தலை சாஞ்சு நின்னுச்சு. வரப்பு மேலயே நடந்தா. வாய்க்கால், மோட்டார் கொட்டகை, வைக்கோல் போட ஒதுக்கின மூலை. "இது கெழக்கால பங்கு. இங்க கொஞ்சம் குருத்துப்பூச்சி விழுந்துச்சுய்யா, மருந்து அடிச்சுக் காப்பாத்துனேன்."

"அந்த மஞ்ச வண்டி என்னம்மா?"

"பொக்லைன் ஐயா. காலையில பத்து மணியிலேருந்து நிக்குது. உங்க உத்தரவு எப்ப முடியும்னு டிரைவர் தம்பி போனப் பாத்துக்கிட்டே இருக்கு."

மதிவாணன் ஃபைல மூடி வச்சார்.

நான் பேசலாம். என் மைக்ல கோடு இல்ல. "யுவர் ஆனர்"னு ஆரம்பிச்சா இருபது நிமிஷம் நிறுத்தாமப் பேசற வாய் இது. விரலால மைக்க அமுக்கி, நானே குறுக்க ஒரு கோடு போட்டுக்கிட்டேன். என் தொழில்ல மொத தடவையா என் கட்சிக்காரி பேசறத நான் குறுக்க விழாமக் கேட்டேன்.

"நீங்க காட்டறத நான் சாட்சியமா எடுத்துக்க முடியாதும்மா. ஆனா கண்ண மூடிக்கவும் முடியாது"ன்னார் ஜட்ஜ். "அந்தக் குரல் பதிவுக்கு லீவ் வேணும்னு சொன்னாங்களே, அது என்னன்னு தெரியுமா?"

"லீவுன்னா எனக்குப் பள்ளிக்கூட லீவுதான் தெரியும் ஐயா. ஆனா அதக் கேக்கத்தான் எங்கம்மா உடைஞ்ச காலோட வந்து உக்காந்திருக்காங்க. அவங்க கேட்டதா வச்சுக்கிட்டுக் குடுங்கய்யா."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நல்லவேளை, கலை குட்டி கட்டம் சின்னதா ஒரு மூலையில இருந்துச்சு.

லீவ் கிடைச்சுது. குரல் பதிவ உரிய சான்றிதழோட ஒரு வாரத்துல தாக்கல் பண்ணணும். தடை, மாசி கடைசி வரைக்கும் நீட்டிப்பு. அதுக்குள்ள ராஜாத்தி அறுத்து, அடிச்சு, நெல்ல வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்.

"நீங்க போகலாம்மா"ன்னார் ஜட்ஜ். அவ போகல. அடுத்த கேஸக் கூப்பிட்டாச்சு, ராஜாத்தி கட்டம் அப்படியே நிக்குது. "இன்னும் என்னம்மா?"

"இல்லங்கய்யா. லீவ அமுக்கலாமான்னு உங்ககிட்ட கேட்டுட்டு அமுக்கலாம்னு."

ஜட்ஜ் வாய்விட்டே சிரிச்சுட்டார். "லீவ் கிராண்டட்"னார்.

பத்து நாள் கழிச்சு உத்தரவு நகல எடுத்துக்கிட்டு புகழேந்தி வந்தார். குடுக்காம கையிலயே வச்சுக்கிட்டுத் தயங்கினார். வாங்கிப் பாத்தேன். வக்கீல் பேர் வர்ற எடத்துல என் பேர் இல்ல. "மனுதாரர் நேரில் ஆஜர்"னு இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷத்துல நான் நடத்துன கேஸு ஒண்ணுலகூட அப்படி எழுதினதில்ல.

"ஒரு மெமோ போட்டாத் திருத்திடுவாங்க மேடம்"னார்.

கோவம் வரும்னு நானும் காத்திருந்தேன், வரல. "வேண்டாம் புகழேந்தி. சரியாத்தான் எழுதியிருக்காங்க"ன்னு சொல்லிட்டு ராஜாத்திக்குப் போன் போட்டேன். பின்னாடி அறுப்பு மிஷின் சத்தம். உத்தரவ மொத்தமும் படிச்சுக் காட்டினேன்.

"அம்மா, மொதல்ல ஒரு வரி படிச்சீங்களே, என் பேரு வந்துச்சே, அத இன்னொரு தடவை படிங்க. இருங்க, மிஷின நிறுத்தச் சொல்றேன். ரெக்கார்டு பண்ணி குவைத்துக்கு அவருக்கு அனுப்பணும்."

மிஷின் சத்தம் நின்னுச்சு. நான் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, ஜட்ஜ் முன்னாடி பேசற குரல்ல படிச்சேன்: "மனுதாரர் ராஜாத்தி, நேரில் ஆஜர்."